செத்துப்போன லேப்டாப்பின் டிரைவிலிருந்து கோப்புகளை மீட்பது: முழுமையான வழிகாட்டி

லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றதும், அதிலிருந்த படங்களும் ஆவணங்களும் கூடவே போய்விட்டன என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை, விளக்கு எரிகிறது ஆனால் திரை கறுப்பு, ஆன் ஆன நொடியிலேயே அணைகிறது என்பதெல்லாம் பொதுவாக மதர்போர்டு, சார்ஜிங் பகுதி, ரேம், திரை ஆகியவற்றின் கோளாறுகள். கோப்புகள் இருப்பது டிரைவில். அதைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தால் பல நேரம் அப்படியே திறந்துகொள்ளும்.

முன்பெல்லாம் இந்த வேலையில் கடினமான பகுதி கழற்றுவதுதான். இப்போது அது மாறிவிட்டது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிரைவ் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும், அதைப் பயன்படுத்தியவருக்கே அது தெரிந்திருக்காது. அதனால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதற்கு முன் சாவியைத் தேட வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

தொடங்கும் முன் ஒரே ஒரு விதி. பழைய டிரைவிலிருந்து படிக்கலாம், அதில் எதையும் எழுதக் கூடாது. கீழே சொல்லும் எச்சரிக்கைகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

உண்மையிலேயே செத்துவிட்டதா?

சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்து பாருங்கள். போர்டில் தேங்கிய மின்சாரம் வடிந்ததும் உயிர் வந்துவிடும் லேப்டாப்கள் உண்டு. முடிந்தால் அதே வாட் அளவுள்ள வேறு சார்ஜரையும் பாருங்கள். யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடல் என்றால் அடுத்த போர்ட்டிலும் மாட்டிப் பாருங்கள்.

விளக்கு எரிந்து திரை மட்டும் கறுப்பாக இருந்தால் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே கணினி ஓடிக்கொண்டிருக்கிறது, திரைதான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் ஒரு டிவியையோ மானிட்டரையோ இணைத்து, வழக்கம்போல உள்நுழைந்து, கோப்புகளை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இன்னொரு வகை: லேப்டாப் நன்றாக ஆன் ஆகிறது, லோகோ வருகிறது, விண்டோஸ் மட்டும் ஏறவில்லை. இதற்கும் எதையும் கழற்ற வேண்டாம். வேறொரு கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் இலவச லினக்ஸ் இயங்குதளங்களான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒரே கோப்பு) பதிவிறக்கி, ரூஃபஸ் போன்ற மென்பொருளால் ஒரு பென் டிரைவில் ஏற்றுங்கள். லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் கம்பெனிக்குரிய விசையைத் தட்டினால், எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பூட் மெனு வரும். அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, ‘நிறுவாமல் முயன்று பார்’ என்ற வழியில் போங்கள். டிரைவ் பக்கவாட்டுப் பட்டியலில் தெரியும். விண்டோஸ் முழுமையாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருந்திருந்தால், லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனை (டிரைவைப் பிரித்த பகுதி) படிக்க மட்டுமே அனுமதிக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

தண்ணீரோ டீயோ கொட்டிய லேப்டாப் என்றால் இந்தப் பகுதியையே விட்டுவிடுங்கள். ‘இப்போது காய்ந்திருக்கும், ஒரு தடவை ஆன் செய்து பார்க்கலாம்’ என்ற ஆசைதான் நல்ல டிரைவையும் சேர்த்துக் கொல்கிறது.

முதலில் சாவி

விண்டோஸ் 10, 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு மூலம் உள்நுழைந்திருந்தால், விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் அல்லது ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ உங்களைக் கேட்காமலே இயங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதைத் திறக்கும் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கிறது. அந்த போர்டு செத்துவிட்டது என்பதால்தான் நாம் இந்த வேலையில் இறங்கியிருக்கிறோம். ஆகவே டிரைவை வேறு கணினியில் மாட்டியதும் 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கும். நீங்கள் தினமும் அடித்த பின் நம்பரோ விரல் ரேகையோ இங்கே செல்லாது.

அந்த 48 இலக்கம் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனில் பிரவுசரைத் திறந்து, கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பழைய லேப்டாப்பின் பெயருக்குக் கீழே பிட்லாக்கர் கீ இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். பக்கத்தில் ஒரு ‘கீ ஐடி’யும் இருக்கும். பின்னால் டிரைவை இணைக்கும்போது திரையில் வரும் ஐடியோடு அது ஒத்துப்போக வேண்டும். ஒரே கணக்கில் இரண்டு மூன்று லேப்டாப்கள் இருந்தால் இந்த ஐடிதான் குழப்பத்தைத் தீர்க்கும்.

அலுவலக லேப்டாப் என்றால் கீ உங்களிடம் இருக்காது, ஐடி பிரிவிடம் இருக்கும். அவர்களிடம் கேட்பதே நேர்வழி. கேட்காமல் கழற்றினால் கோப்போடு வேலைக்கும் சிக்கல் வரலாம். வீட்டில் வேறொருவர் முதல்முறை செட் செய்து கொடுத்தது என்றால் அவருடைய கணக்கில் தேடுங்கள். பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்: தங்கள் கணக்கில் இல்லை என்றதும் கீயே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கீ எங்குமே இல்லை, டிரைவும் குறியாக்கம் செய்யப்பட்டது என்றால் எந்த மென்பொருளாலும் எந்தக் கடையாலும் அதைத் திறக்க முடியாது. ‘பிட்லாக்கர் உடைத்துத் தருகிறோம்’ என்ற விளம்பரங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்த நிலையில் இருக்கும் ஒரே வழி, அதே மதர்போர்டைப் பழுதுபார்த்து உயிர்ப்பிப்பது. போர்டில் டிபிஎம் பிழைத்திருந்தால் விண்டோஸ் பழையபடி தானாகத் திறக்கும்.

பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பு) ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு என்று தனியாக ஒன்று வைத்திருந்தால் அதுவும் டிரைவோடு கூடவே வரும். வெளியே மாட்டினால் டிரைவின் பெயர் தெரியும், உள்ளே எதுவும் படிக்காது. இது விண்டோஸ் பாஸ்வேர்டிலிருந்து வேறுபட்டது. குறியாக்கம் இல்லாத டிரைவுக்கு விண்டோஸ் பாஸ்வேர்டு தேவையே இல்லை, வெளியிலிருந்து அப்படியே படிக்கலாம்.

இதே நேரத்தில் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், ஐகிளவுட் தளங்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். விண்டோஸ் பல லேப்டாப்களில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போல்டர்களையே ஒன்டிரைவுக்குள் நகர்த்திவிடுகிறது. நீங்கள் தேடுவது ஏற்கெனவே மேலே போய் உட்கார்ந்திருக்கலாம்.

உள்ளே இருப்பது எது?

லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணை இணையத்தில் தேடினால் எந்த வகை டிரைவ் என்று தெரிந்துவிடும். கழற்றும் வீடியோவும் பெரும்பாலும் கிடைக்கும். எந்த அடாப்டர் வாங்குவது என்பது இதைப் பொறுத்தது, எனவே கழற்றிப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

பழைய லேப்டாப்களில் 2.5 அங்குல டிரைவ் இருக்கும். உள்ளங்கை அளவு, 7 அல்லது 9.5 மில்லிமீட்டர் தடிமன். சுழலும் தட்டுள்ள ஹார்டு டிஸ்க்கானாலும், சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டியானாலும் சாட்டா என்ற ஒரே இணைப்புதான்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தட்டையான நாக்குகள், தரவுக்கு 7 பின், மின்சாரத்துக்கு 15 பின். இதற்கு யூஎஸ்பி டு சாட்டா கேபிள் ஒன்று போதும். மிக எளிதான வகை இது.

எம்.2 எஸ்எஸ்டி என்பது சூயிங்கம் பட்டை போன்ற மெல்லிய பலகை. அதன் மேல் 2280, 2242, 2230 என்று எழுதியிருந்தால் அது அளவு: 22 மில்லிமீட்டர் அகலம், மீதி எண் நீளம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் சில எம்.2 பலகைகள் சாட்டா, சில என்விஎம்இ என்ற வேறு இணைப்பு வகை. என்விஎம்இக்கு மட்டுமான உறையில் (பலகையை யூஎஸ்பியில் இணைக்க உதவும் பெட்டி) சாட்டா பலகையைப் போட்டால் ஒன்றுமே தெரியாது, டிரைவ் செத்துவிட்டது என்று தோன்றும். தொடுமுனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ‘பெரும்பாலும்’ என்பதைக் கவனியுங்கள், இரண்டு வெட்டுள்ள என்விஎம்இ பலகைகளும் உண்டு. லேபிளில் உள்ள மாடல் எண்ணைத் தேடுவதுதான் நிச்சயமான வழி. சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு வகையையும் ஏற்கும் உறையை வாங்குங்கள்.

இன்டெல் ஆப்டேன் எச்10 என்று எழுதிய பலகை கிடைத்தால் அது தனிக் கதை. ஒரே பலகையில் இரண்டு சாதனங்கள் இருக்கின்றன. சாதாரண யூஎஸ்பி உறையில் இரண்டும் சேர்ந்து வராது. அதே வகை ஸ்லாட் உள்ள இன்னொரு லேப்டாப்பில் போட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

விலை குறைந்த சிறு லேப்டாப்களில் இஎம்எம்சி என்ற சிப் வகைச் சேமிப்பு மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். கழற்ற எதுவும் இல்லை. மேக்புக்களிலும் 2018-இல் தொடங்கி வந்த ஏர், ப்ரோ புது மாடல்களில் சேமிப்பு போர்டோடு ஒட்டியது. ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சிப்பும், அதன் பின் வந்த எம் வரிசைச் சிப்களும் அதைக் குறியாக்கம் செய்து வைத்திருக்கின்றன. மெமரி சிப்பைப் பெயர்த்தெடுத்தாலும் பயனில்லை. இவற்றில் போர்டைப் பழுதுபார்ப்பதுதான் தரவு மீட்பு. மேக்கில் திரை மட்டுமே போயிருந்தால் வெளி மானிட்டர் போதும். சிஸ்டம் ஏறாமல் ஆன் மட்டும் ஆகிறதென்றால் இன்னொரு மேக்கோடு கேபிளில் இணைத்து, இன்டெல் சிப் மாடலில் டி (T) விசையை அழுத்தியபடி ஆன் செய்து, அதை வெளி டிஸ்க் போலக் காட்டும் டார்கெட் டிஸ்க் முறையிலும், எம் வரிசையில் பவர் பட்டனைப் பிடித்துக்கொண்டு வரும் மெனுவில் ‘ஷேர் டிஸ்க்’ வழியாகவும் கோப்புகளை எடுக்கலாம்.

கழற்றுவது

இது பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. சிறிய நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்று, ஸ்க்ரூக்களைப் போட ஒரு கிண்ணம். சில மாடல்களில் டார்க்ஸ் தலையும், மேக்கில் ஐந்து இதழ் தலையும் இருக்கும். அடிப்பக்கம் எல்லா ஸ்க்ரூவையும் எடுத்த பிறகும் மூடி வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். ரப்பர் காலுக்கு அடியில் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது, எது எங்கிருந்து வந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. டிரைவைத் தொடுவது அதற்குப் பிறகுதான். பேட்டரி உப்பியிருந்தால் அதை நெம்பாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். லித்தியம் பேட்டரி துளைபட்டால் தீப்பிடிக்கும். டிரைவை எடுக்க அதை அசைக்க வேண்டியிருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

உடலில் உள்ள நிலைமின்சாரம் போக ஏதாவது பெரிய உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு டிரைவை ஓரங்களில் பிடித்து எடுங்கள். எம்.2 பலகை ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூவில் நிற்கிறது. அதை எடுத்ததும் தானாகச் சாய்வாக எழும், அதே கோணத்தில் இழுத்தால் வந்துவிடும். 2.5 அங்குல டிரைவ் ஒரு தகரச் சட்டத்தில் இருக்கும், கனெக்டரிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி எடுக்க வேண்டும்.

சில லேப்டாப்களில் எஸ்எஸ்டி ஒன்று, ஹார்டு டிஸ்க் ஒன்று என இரண்டும் இருக்கும். ஒன்றை எடுத்ததும் மூடிவிடாமல் சுற்றிப் பாருங்கள்.

இணைப்பது, வரும் எச்சரிக்கைகள்

நன்றாக ஓடும் கணினியில் யூஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டுங்கள். 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அதிக மின்சாரம் இழுக்கும். யூஎஸ்பி 2 போர்ட் தர வேண்டிய அளவு 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900. மின்சாரம் போதாவிட்டால் டிரைவ் சுழன்று சுழன்று நிற்கும், டிக் டிக் என்று சத்தமும் வரலாம். டிரைவ் பழுது என்று முடிவு செய்யும் முன் வேறு போர்ட், வேறு கேபிள், தனி அடாப்டர் உள்ள ஹப் ஆகியவற்றில் ஒருமுறை பாருங்கள். முன்பக்க போர்ட்டைவிட மேசைக் கணினியின் பின்பக்க போர்ட் நம்பகமானது.

இணைத்ததும் விண்டோஸ் ஏதாவது கேட்கும். ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்’ என்றாலும் வேண்டாம். ‘பிழைகள் உள்ளன, ஸ்கேன் செய்து சரிசெய்யவா’ என்றாலும் இப்போது வேண்டாம். மூன்றுமே டிரைவில் எழுதும். ஃபார்மட் கேட்கும் செய்தி வந்தாலே எல்லாம் அழிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மேக் அல்லது லினக்ஸ் டிரைவை விண்டோஸில் மாட்டினாலும் இதே செய்திதான் வரும், ஏனென்றால் விண்டோஸுக்கு அந்த அமைப்பு படிக்கத் தெரியாது. மேக் டிரைவை மேக்கிலும், லினக்ஸ் டிரைவை லினக்ஸிலும் இணையுங்கள்.

எதுவுமே கேட்கவில்லை, டிரைவும் தெரியவில்லை என்றால் விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். டிரைவ் அங்கே சரியான கொள்ளளவோடு இருந்து, சி, டி போன்ற டிரைவ் எழுத்து மட்டும் ஒதுக்கப்படாமல் இருக்கலாம். பெரிய பார்ட்டிஷனில் ரைட் கிளிக் செய்து ஓர் எழுத்தைக் கொடுங்கள். சில நூறு எம்பி அளவில் இருக்கும் சின்னப் பார்ட்டிஷன்கள் பூட், ரிக்கவரி சமாசாரம், அவற்றைத் தொட வேண்டாம்.

பூட்டுச் சின்னம் போட்ட டிரைவ் தெரிந்தால் இரட்டைக் கிளிக் செய்து, ‘மேலும் விருப்பங்கள்’ வழியாக 48 இலக்கத்தை அடியுங்கள். ஹோம் பதிப்பு விண்டோஸாலும் இதைத் திறக்க முடியும்.

எதை எடுப்பது, எப்படி எடுப்பது

யூசர்ஸ் போல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதுதான் புதையல். அதைத் திறந்தால் அனுமதி இல்லை என்று விண்டோஸ் தடுக்கும். ‘தொடர்க’ என்று அழுத்தினால் ஒவ்வொரு கோப்பின் அனுமதியையும் மாற்றி எழுதிவிட்டு உள்ளே விடும். ஆரோக்கியமான டிரைவில் பரவாயில்லை, நேரம்தான் பிடிக்கும். டிரைவ் மேல் சந்தேகம் இருந்தால் இதைச் செய்யாமல், மேலே சொன்ன லினக்ஸ் பென் டிரைவில் கணினியைத் துவக்கி அங்கிருந்து நகலெடுங்கள். லினக்ஸ் அந்த அனுமதிகளைக் கண்டுகொள்ளாது.

முக்கியமானதை முதலில் எடுங்கள். முழு போல்டரையும் இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். திரும்ப எடுக்கவே முடியாத குடும்பப் படங்கள், ஆய்வேடு, கணக்குக் கோப்பு முதலில். இணையத்தில் மறுபடி கிடைக்கும் சினிமாவும் இன்ஸ்டாலர்களும் கடைசியில்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லோருக்கும் தெரியும். மறந்துபோகும் இடங்கள் வேறு. சி டிரைவின் மேற்பரப்பிலேயே நேரடியாகப் போட்ட போல்டர்கள். டி டிரைவ் என்று பிரித்து வைத்த பார்ட்டிஷன். பொதுப் பயனர் போல்டர். மறைந்திருக்கும் ஆப்டேட்டா போல்டர்: அவுட்லுக், தண்டர்பேர்டு மின்னஞ்சல்கள், ஸ்டிக்கி நோட்ஸ், பிரவுசர் புக்மார்க் எல்லாம் அதற்குள்தான். மறைந்த கோப்புகளைக் காட்டும் விருப்பத்தைப் போட்டால்தான் கண்ணில் படும். எந்த மென்பொருளின் கோப்பு எங்கே என்று தேடுவதைவிட, இடம் இருந்தால் ஆப்டேட்டாவை முழுசாக எடுத்து வைப்பது நல்லது.

குரோமின் போல்டரை நகலெடுத்தாலும் சேமித்த பாஸ்வேர்டுகள் வராது, அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பிணைக்கப்பட்டவை. கூகுள் கணக்கில் சின்க் ஆகியிருந்தால் அங்கிருந்து கிடைக்கும். ஃபயர்பாக்ஸில் புரொஃபைல் போல்டரை முழுசாக எடுத்து வைத்தால் பாஸ்வேர்டுகளும் கூடவே வரும். ஒன்டிரைவ் போல்டரில் மேகச் சின்னம் போட்ட கோப்புகள் வெறும் பெயர்ப் பலகைகள். டிரைவில் அவற்றின் உள்ளடக்கமே இல்லை, கணக்கில் நுழைந்து பதிவிறக்குங்கள்.

நகல் போகும் இடம் எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். ஆயிரக்கணக்கான கோப்புகள் என்றால் சாதாரணமாக இழுத்துப் போடுவதை நான் விரும்புவதில்லை. நடுவில் ஒரு கோப்பு தடுக்கினால் எல்லாம் காத்து நிற்கும். விண்டோஸில் கூடவே வரும், கட்டளை அடித்து இயக்கும் ரோபோகாப்பி நல்லது, ஆனால் அதன் இயல்பான அமைப்பு படிக்காத கோப்பை 30 நொடிக்கு ஒருமுறை என 10 லட்சம் தடவை முயலும். மறுமுயற்சியை ஒன்று, காத்திருப்பை ஒரு நொடி என்று குறைத்துக் கொடுக்க மறக்காதீர்கள். கட்டளைகள் பிடிக்காதவர்களுக்கு டெராகாப்பி போதும், நகலைச் சரிபார்க்கவும் செய்யும்.

நேரத்துக்கு ஒரு கணக்கு: யூஎஸ்பி 2-இல் நொடிக்கு 35 எம்பி போல வரும், 500 ஜிபிக்கு நான்கு மணி நேரம். யூஎஸ்பி 3-இல் நல்ல ஹார்டு டிஸ்க் என்றால் ஒன்றரை மணி நேரம் போல. சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் நீளும். அதற்குள் கணினி உறங்கிவிடாமல் ஸ்லீப்பை நிறுத்தி வையுங்கள்.

டிரைவும் தள்ளாடினால்

நகலெடுக்கும் வேகம் திடீரென்று கேபியில் விழுகிறது, போல்டர் திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறது, டிரைவ் இணைந்து இணைந்து துண்டிக்கிறது என்றால் சாதாரண நகலெடுப்பை நிறுத்துங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து டிரைவ் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். மறு ஒதுக்கீடு ஆன செக்டர்கள் (டிரைவின் சிறு சேமிப்புக் கட்டங்கள்), தீர்வுக்குக் காத்திருக்கும் செக்டர்கள், திருத்த முடியாத செக்டர்கள் ஆகிய மூன்று வரிகள்தான் முக்கியம். அவற்றின் மூல மதிப்பு பூஜ்யமாக இல்லாவிட்டால் டிரைவ் கரைந்துகொண்டிருக்கிறது.

இந்த நிலையில் செக்டிஸ்க் ஓட்டச் சொல்லி யாராவது அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்தும் கருவி, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றும் கருவி அல்ல. படிக்க முடியாத இடங்களைப் பார்த்ததும் போல்டர் பதிவுகளையே வெட்டி எறிந்துவிடும்.

செய்ய வேண்டியது, டிரைவை முழுசாக ஓர் இமேஜ் கோப்பாகப் பிரதி எடுப்பது. அதற்கு லினக்ஸில் உள்ள ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவுக்கு இணை இல்லை. கெட்ட இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். கெட்ட இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். எங்கே படித்தது, எங்கே விட்டது என்பதை ஒரு மேப் கோப்பில் எழுதி வைப்பதால், நடுவில் நிறுத்தி மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். மேப் கோப்பு இல்லாமல் ஓட்டினால் இந்த அருமையே போய்விடும்.

கொடுக்கும் வரிசை: முதலில் மூல டிரைவ், அடுத்து இமேஜ் கோப்பு, கடைசியில் மேப் கோப்பு. எந்த டிரைவ் எது என்பதைக் கொள்ளளவையும் மாடல் எண்ணையும் வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். மூலமும் இலக்கும் இடம் மாறுவதுதான் இந்த வேலையின் மிகப் பெரிய விபத்து. முதல் சுற்றில், கெட்ட இடங்களைத் துளித்துளியாகப் படிக்க முயலும் ‘சுரண்டும்’ கட்டத்தைத் தவிர்க்கும் விருப்பத்தோடு ஓட்டுங்கள். இரண்டாம் சுற்றில் மூன்று மறுமுயற்சிகள் போதும். இமேஜ் டிரைவின் முழுக் கொள்ளளவுக்கு வரும் என்பதால், 1 டிபி டிரைவுக்கு அதைவிடப் பெரிய காலி இடம் வேண்டும். முடிந்ததும் பழைய டிரைவைப் பிடுங்கி எடுத்து வைத்துவிடலாம். உபுண்டுவில் இமேஜை இரட்டைக் கிளிக் செய்தால் படிக்க மட்டுமான முறையில் திறக்கும், அங்கிருந்து கோப்புகளை எடுங்கள்.

போல்டர்கள் திறக்கவில்லை, பார்ட்டிஷனே காணோம் என்றால் இமேஜின் மேல் டெஸ்ட்டிஸ்க் ஓட்டிப் பாருங்கள். தொலைந்த பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து, அதில் உள்ள கோப்புகளைப் பட்டியலிட்டு, வேறிடத்துக்கு நகலெடுக்க அதிலேயே வசதி உண்டு. அதுவும் முடியாவிட்டால் கூடவே வரும் போட்டோரெக். இது கோப்பு அமைப்பைப் பார்க்காமல் கோப்புகளின் தொடக்க அடையாளங்களைத் தேடிப் பொறுக்கி எடுக்கும். பெயரும் போல்டரும் போய்விடும், எண்களால் ஆன பெயர்களில் ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடைக்கும். அதனால் இது கடைசி வழி.

அழித்த கோப்பை எஸ்எஸ்டியிலிருந்து மீட்பது பற்றி அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டாம். ட்ரிம் என்ற ஏற்பாடு, அழித்த இடத்தைக் காலி என்று எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடுகிறது. அதன் பிறகு எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சிப் அந்த இடத்தைத் துடைத்துவிடும். ஹார்டு டிஸ்க்கில் மீட்கும் வாய்ப்பு அதிகம்.

எஸ்எஸ்டி பழுதாகும் விதமும் வேறு. சத்தமில்லாமல் ஒரே நாளில் காணாமல் போகும். பூஜ்யம் கொள்ளளவு காட்டுகிறது, தன் பெயருக்குப் பதில் ‘சாட்டாஃபர்ம் எஸ்11’ போல விசித்திரப் பெயர் காட்டுகிறது என்றால் கன்ட்ரோலர் தன் உள்மென்பொருளான ஃபர்ம்வேரை ஏற்ற முடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். வீட்டு மென்பொருள்களால் ஒன்றும் செய்ய முடியாது.

எப்போது கையை எடுப்பது

ஹார்டு டிஸ்க் சீரான இடைவெளியில் ‘டக், டக்’ என்று தட்டினால், கிறீச்சிட்டால், கீழே விழுந்த பிறகு சுழலாமல் முனகினால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். படிக்கும் ஹெட் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அது உடைந்து தட்டில் உரசினால் ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் தரவு தூளாக உதிர்கிறது. இன்னும் ஒரு முயற்சி என்பதற்கு இங்கே விலை உண்டு.

ஃப்ரீசரில் வைப்பது என்ற பழைய வித்தையை விட்டுவிடுங்கள், வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும். மூடியைத் திறந்து பார்ப்பதும் அதே ரகம், தூசு போதும். அதே மாடல் டிரைவின் சர்க்யூட் போர்டை மாற்றிப் போடுவது முன்பு சில டிரைவ்களில் பலித்தது. இப்போதைய போர்டுகளில் அந்தக் குறிப்பிட்ட டிரைவுக்கு மட்டுமான அளவீடுகள் ஒரு சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பையும் மாற்றிச் சால்டர் செய்யாமல் வேலை செய்யாது.

தூசில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள்: பரிசோதனைக்குத் தனிக் கட்டணமா? கோப்புகள் கிடைக்காவிட்டால் பணம் வாங்குவீர்களா? மீட்ட கோப்புகளின் பட்டியலைப் பணம் கட்டும் முன் காட்டுவீர்களா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தில் கொடுக்காதீர்கள். பிட்லாக்கர் டிரைவ் என்றால் 48 இலக்கத்தையும் கூடவே கொடுக்க வேண்டியிருக்கும். அது இல்லாவிட்டால் டிரைவைப் பழுதுபார்த்தும் குப்பைதான் கிடைக்கும் என்பதால் கட்டணம் பேசும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

எடுத்த பிறகு

கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு போல்டரிலும் சிலவற்றைத் திறந்து பாருங்கள், குறிப்பாகப் பெரிய வீடியோக்களைக் கடைசி நிமிடம் வரை ஓட்டி. பாதியில் வெட்டுப்பட்ட படம் சிறு உருவில் முழுசாகத் தெரியும், திறந்தால்தான் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கும். சரி என்றதும் இரண்டாவது நகல் ஒன்றை வேறொரு டிரைவில் போடுங்கள், ஏனென்றால் இப்போது உங்களிடம் நம்பகமான பிரதி ஒன்றுதான் இருக்கிறது.

பழைய டிரைவை உடனே அழித்து மறுபடி பயன்படுத்தத் தோன்றும். ஒரு மாதமாவது அப்படியே வையுங்கள். ‘அந்த ஸ்கேன் பண்ண சர்டிஃபிகேட் எங்கே’ என்ற கேள்வி அதற்குள் வந்துவிடும். அதன் பிறகு ஆரோக்கியமான ஹார்டு டிஸ்க் என்றால் முழு ஃபார்மட் ஒருமுறை செய்துவிட்டு வெளி பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியை அழிக்க அதன் கம்பெனி தரும் மென்பொருளில் உள்ள செக்யூர் இரேஸ் வசதிதான் சரியான வழி, ஆனால் அது யூஎஸ்பி உறை வழியாகப் பல நேரம் இயங்காது, மேசைக் கணினிக்குள் நேரடியாக மாட்ட வேண்டும். ஸ்மார்ட் அறிக்கையில் அந்த மூன்று வரிகள் ஏறியிருந்த டிரைவை எதற்கும் பயன்படுத்தாதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள். தட்டைத் துளையிட்டு மின்கழிவில் போடுங்கள்.